எடைக்கு எடை பன்

அந்தோணியார் துணை
எலத்தகிரி
3.7.2024

அன்புள்ள டெல்சி கண்ணுக்கு உன் அத்தை அருள்செல்வி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, நம் மாடு ராணி மூவரும் சுகம். அங்கே நீயும் ஸ்டெபின் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத மூன்றாவது ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நாலு நாளாக அத்தை ஏன் போன் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். ராணிக்குத் தண்ணீர் காட்டும்போது போன் இடுப்பிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்துவிட்டது. ஈரம் இழுக்கட்டும் என்று மாமா அதை அரிசிப் பானையில் புதைத்து வைத்தார். நான் மறந்துபோய் அரிசியோடு சேர்த்துக் களைந்துவிட்டேன். இனி அது பேசாது. மாமாவின் போன் பால் சொசைட்டிக்காரர்கள் கூப்பிட மட்டும்தான் இருக்கிறது. கேட்டால், "நீ பேசினா பேட்டரி தாங்காது" என்கிறார். போகட்டும். போனில் நான் மட்டுமே பேசுகிறேன் என்று நீதானே குறை சொன்னாய். கடிதம் என்றால் உனக்கும் முறை வரும். தக்காளி வண்டி கமலக்கண்ணன் ஓசூர் மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் உன் வீட்டுப் பக்கம் தலையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனிடமே பதில் கொடுத்துவிடு.

உன் அம்மா இருந்திருந்தால் செய்யவேண்டியதை நான் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பூசையில் அந்தோணியார் முன்னால் முட்டி போட்டு, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் எடைக்கு எடை பன் வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். பேக்கரி திம்மராயனிடமும் விசாரித்துவிட்டேன். ஒரு பன் ஐம்பது கிராம். மூன்று கிலோ பிள்ளைக்கு அறுபது பன். அந்தோணியாரிடம் மூன்று கிலோ என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. நீ அதற்குக் குறைக்காதே. கூடினாலும் அத்தை பின்வாங்கமாட்டேன்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை என்று கொடுப்பார்களாம். அதைத் தொடாதே, பிள்ளை கறுத்துப்போகும். மேலத்தெரு ஜோதியம்மாளின் மருமகள் முழுங்கினாள். இப்போது கரண்டு போனால் பேரனைத் தடவித்தான் தேடுகிறார்கள். நான் குங்குமப்பூ அனுப்புகிறேன், பாலில் போட்டுக் குடி.

ராணியும் சினையாகத்தான் இருக்கிறாள். மாட்டு டாக்டர் தினமும் தாது உப்பு வைக்கச் சொன்னார். ஒரு வேளை தவறாமல் வைக்கிறேன். படித்தவர் சொன்னால் கேட்க வேண்டும் இல்லையா.

செபமாலையில் பத்து மணி உனக்கென்று தனியாக ஒதுக்கியிருக்கும்
அத்தை.

*

மூக்கண்டப்பள்ளி
21.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். மாமாவையும் ராணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

காலையில் எதைத் தின்றாலும் அது மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. கம்பெனியில் நின்றுகொண்டே செய்கிற வேலை. டீ மட்டும்தான் உள்ளே தங்குகிறது, அதனால் அதை மட்டும் நாலைந்து தடவை குடிக்கிறேன். இவர் தினமும் ரசம் வைக்கிறார். நேற்றைய ரசத்துக்கும் இன்றைய ரசத்துக்கும் கிழமைதான் வித்தியாசம்.

சுகாதார நிலையத்தில் பவளம் என்று ஒரு நர்ஸம்மா. விரலில் குத்திப் பார்த்துவிட்டு எட்டரை பாயிண்ட்தான் இருக்கிறது, ரத்தசோகை என்று சொன்னார். ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்திருக்கிறார். குங்குமப்பூ வந்து சேர்ந்தது. டப்பா அழகாக இருக்கிறது.

கமலக்கண்ணன் அண்ணன் கீழே ஹாரன் அடிக்கிறார், அதனால் இத்தோடு.

அன்புடன்,
டெல்சி.

*

அந்தோணியார் துணை
எலத்தகிரி
1.8.2024

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஸ்டெபின் அவர்களுக்கு அத்தை எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் சுகமில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

டெல்சியின் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிள்ளைக்கு ரத்த சோகம் என்று நர்ஸம்மாவே சொல்லியிருக்கிறார். சோகம் மனதில் இருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடலாம். ரத்தத்துக்கே இறங்கிவிட்டது என்றால் எத்தனை நாளாக அவள் எதை முழுங்கிக்கொண்டிருக்கிறாள்? தாயில்லாப் பிள்ளை என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டீர்கள். கோயிலில் சாமியார் கேட்டபோது இன்பத்திலும் துன்பத்திலும் என்று சத்தமாகச் சொன்னீர்கள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு படத்துக்குக் கூட்டிப் போங்கள். அழுகைப் படம் வேண்டாம். தினமும் பூ வாங்கிக் கொடுங்கள், ஓசூரில் பூவுக்கா பஞ்சம். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் காற்றாட நடக்க விடுங்கள். நான் ஒன்பது நாள் நவநாள் ஆரம்பித்துவிட்டேன். மாமாவும் வருத்தப்படுகிறார். வாயால் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடும்போது ஒரு மாதிரி இருந்தார்.

இப்படிக்கு, கோபமில்லாத
அத்தை.

*

மூக்கண்டப்பள்ளி
18.8.2024

அன்புள்ள அத்தைக்கு ஸ்டெபின் எழுதுவது. தாங்களும் மாமாவும் சுகம் என நம்புகிறேன்.

தாங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். இரண்டு ஞாயிறு படத்துக்குப் போனோம். இரண்டு தடவையும் டெல்சி இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். தினமும் பூ வாங்கினேன். வார்ப்புக் கம்பெனியில் கரி பூசிய கையோடு பூப்பொட்டலம் வைத்திருப்பதைப் பார்த்து ஷிப்ட் முழுவதும் சிரித்தார்கள். அணைப் பக்கம் நடக்கப் போனோம். கொஞ்ச தூரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். சோகம் ஏதாவது இருக்கிறதா என்று தினமும் ராத்திரி கேட்டேன். நாலாவது நாள், இப்படிக் கேட்பதுதான் சோகமாக இருக்கிறது என்றாள்.

அடுத்த செக்கப்புக்கு நானும் போய் நர்ஸம்மாவிடம் இவ்வளவும் செய்தேன் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்து, "ஏம்ப்பா, சினிமா காட்டினா பாயிண்ட் ஏறுமா?" என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

அத்தை, அது சோகம் இல்லைங்க, சோகை. கடைசியில் 'கை' வருகிறது. ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்துபோவதற்கு அதுதான் பேராம். நர்ஸம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "தாயோட ரத்தம்தான் புள்ளைக்குச் சரக்கு கொண்டு போற வண்டி. வண்டியில லோடு இல்லன்னா அங்க போய் எதை இறக்கறது?" இப்படியே போனால் பிள்ளை எடை குறைந்து பிறக்குமாம். இரண்டரை கிலோவுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டி வருமாம்.

தாங்கள் நேர்ந்துகொண்ட மூன்று கிலோ ஞாபகம் வந்தது. அதனால் எழுதினேன்.

பணிவுடன்,
ஸ்டெபின்.

*

அந்தோணியார் இன்னும் துணை
எலத்தகிரி
5.9.2024

அன்புள்ள டெல்சி கண்ணுக்கு அத்தை எழுதுவது. மாமா, ராணி சுகம். எனக்குக் கண் மட்டும் சரியில்லை. கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். நீயும் இனி 'கை'யைக் கொஞ்சம் நிமிர்த்தி எழுது. மாப்பிள்ளையிடம் அத்தை கேட்டதாகச் சொல். வேறு ஒன்றும் சொல்லவேண்டாம்.

சோகை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் எனக்கா புரியாது? என் நவநாள் வீணாகிவிட்டது என்று நினைக்காதே. அந்தோணியாருக்கு எழுத்துப்பிழை தெரியும், அவரே திருத்திக்கொண்டிருப்பார்.

நாள் முழுவதும் இரும்பை உருக்கி ஊற்றுகிற மாப்பிள்ளை வீட்டில் இரும்புக்குப் பஞ்சம் என்று இங்கே யாரிடம் சொல்வேன். வண்டியில் இரும்பு வடச்சட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். முருங்கைக்கீரை, கொள்ளு, கேழ்வரகு மாவு, பேரீச்சம்பழம் எல்லாம் சாக்கில் இருக்கிறது. கீரையை வடச்சட்டியிலேயே வதக்கு. செவ்வாய், வெள்ளி பார்க்காமல் ஆட்டு ஈரல் வாங்கித் தின்னு. வெள்ளிக்கிழமைக்கு நான் சாமியாரிடம் கேட்டுவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு விலக்கு உண்டாம். உனக்காகக் கேட்டேன் என்று அவர் முதலில் நம்பவில்லை.

நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? அதை மறக்காமல் எழுது.

கண் தெளிந்த
அத்தை.

*

மூக்கண்டப்பள்ளி
2.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

சுகம். வடச்சட்டி வந்தது. இவர் ஒருவரால் மாடிக்குத் தூக்க முடியவில்லை, கமலக்கண்ணன் அண்ணனும் ஒரு பக்கம் பிடித்தார். வீட்டுக்காரம்மா சென்னம்மா எட்டிப் பார்த்து, கல்யாணச் சமையலா என்று கன்னடத்தில் கேட்டார்.

சானமாவு காட்டில் யானைக்கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறதென்று வண்டியை வெகுநேரம் நிறுத்திவைத்துவிட்டார்களாம். கீரை வந்து சேரும்போது வாடிக் கிடந்தது. யானைக்கே போட்டிருக்கலாம் என்றார் அண்ணன். மிச்சத்தை வதக்கினேன், கூடவே வடச்சட்டியின் கறுப்பும் கொஞ்சம் வந்தது. ஈரல் வாடை ஆகவில்லை. பேரீச்சம்பழம் ஆகிறது, இவருக்கும் ஆகிறது. புதுக் கண்ணாடியில் மாமா எப்படித் தெரிகிறார்?

பிள்ளை இப்போது நன்றாகவே அசைகிறது. சாயங்காலம் டீ குடித்தால் ஒரு உதை விழும்.

அன்புடன்,
டெல்சி.

*

எலத்தகிரி
20.10.2024

டெல்சி, எல்லாரும் சுகம். மாத்திரை போடுகிறாயா, இல்லையா? யானை, சென்னம்மா, மாமா யாரைப் பற்றியும் எழுதவேண்டாம். ஒரே ஒரு வார்த்தை எழுது.

அத்தை.

*

மூக்கண்டப்பள்ளி
5.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், எழுதிவிட்டேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

முதல் கடிதத்தில் நீங்கள்தானே போடாதே என்று எழுதினீர்கள். பிள்ளை கறுத்துப்போகும் என்று. இருந்தும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். வயிற்றைப் பிரட்டியது. வெளியே போனது தார் மாதிரி கறுப்பாக இருந்தது. நீங்கள் சொன்னது உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டது என்று பயந்து பையோடு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இவரிடம் போடுகிறேன் என்று சொன்னேன்.

ராணிக்கு மாட்டு டாக்டர் சொன்ன பொடியை ஒரு வேளை தவறாமல் வைக்கிறீர்கள். கன்று கறுப்பாகப் பிறக்குமே என்று நீங்கள் ஒரு நாளாவது கேட்டீர்களா? நான் மாடாக இருந்திருந்தால் இந்நேரம் பாயிண்ட் ஏறியிருக்கும்.

இப்போது ஏழு பாயிண்ட் நாலு. ஸ்கேனில் பிள்ளை மாதத்துக்கு உண்டான வளர்த்தி இல்லை என்கிறார்கள். ஊசி வழியாக இரும்பு ஏற்றவேண்டுமாம், துணைக்கு ஆள் வேண்டுமாம். படி ஏறினால் காதுக்குள் இரைச்சல் கேட்கிறது. முன்னே எல்லாம் உதைக்கும் அத்தை, இப்போது தட்டுகிறது. கதவைத் தட்டி யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி.

டெல்சி.

*

எலத்தகிரி
7.11.2024

டெல்சி கண்ணு,

அப்படி நான் எழுதியிருக்கமாட்டேன். எழுதியிருந்தால் அது பேனா எழுதியது.

பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் பிறக்கட்டும். நான் என்ன நிறம்? உன் மாமா என்னைக் கட்டிக்கொள்ளவில்லையா? இத்தனை வருஷமாக இருட்டில் என்னைத் தேடும் கஷ்டம்கூட அவருக்கு வரவில்லை, நான்தான் பேசிக்கொண்டே இருக்கிறேனே. ஜோதியம்மாளின் பேரன் கறுப்புதான். ஆனால் கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறான், பிடிக்க முடியவில்லை. அதை உனக்கு எழுத மறந்துவிட்டேன்.

மாத்திரைப் பையை அலமாரியிலிருந்து இறக்கு. நீ ஏறாதே, மாப்பிள்ளையை இறக்கச் சொல். அவரிடம் உண்மையையும் சொல்லிவிடு.

ராணியை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டேன். மாமாவையும் ராணியிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்தக் கடிதம் வருகிற வண்டியிலேயே நானும் தக்காளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். என்னை முதலில் மேலே விடு, பிறகு கடிதத்தைப் படி.

அத்தை.

*

அந்தோணியார் துணை
மூக்கண்டப்பள்ளி
8.12.2024

அன்புள்ள இவருக்கு அருள்செல்வி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சாப்பிட்டீர்களா? மாப்பிள்ளை போனில் கூப்பிட்டால் நீங்கள் 'ம்' என்கிறீர்கள். அந்த 'ம்' ராணிக்கா, உங்களுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டெல்சியை நாள் விட்டு நாள் கூட்டிப் போய் இரும்பு ஏற்றியாகிவிட்டது. இரும்பு என்றதும் நான் ஆணி மாதிரி ஏதோ வரும் என்று நினைத்தேன். பாட்டிலில் தொங்கியது கருங்காப்பி நிறத்தில் இருந்தது. "என்னம்மா, டிகாஷனையா ஏத்தறீங்க?" என்று பவளம் நர்ஸம்மாவைக் கேட்டேன். "ஆமா, இன்னும் பால் கலக்கல" என்றார். அந்த அம்மாவுக்கும் எனக்கும் அன்றைக்கே ஒத்துப்போய்விட்டது.

ஆனால் என்னை ஒரு பாட்டம் திட்டியும் விட்டார். மாத்திரை போட்டதும் வாய் கசக்குமே என்று கையோடு ஒரு டம்ளர் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடவேண்டும், டீயை அதன் பக்கத்திலேயே காட்டக்கூடாதாம். கறுப்பாகப் போவதைப் பற்றியும் கேட்டேன். அது மாத்திரையின் நிறம்தான், பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். டெல்சி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரைப் படித்தேன்.

நான் டீ குடித்தால் டெல்சி என் டம்ளரையே பார்க்கிறாள். தவக்காலத்தில் பிரியாணிக்கடையைப் பார்க்கிற மாதிரி. அதனால் நானும் விட்டுவிட்டேன். தலை வலிக்கிறது. செபமாலை சொல்லும்போது பாதியில் டீ ஞாபகம் வருகிறது. அந்தோணியாரிடம் இதையும் பிள்ளையின் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரையை என் கையாலேயே கொடுத்து, முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்பதுக்கு மேலே வந்துவிட்டாள். காதில் இரைச்சல் இல்லை என்கிறாள். பிள்ளையும் தட்டுவதை விட்டு உதைக்க ஆரம்பித்திருக்கிறது.

ராணிக்குப் பொடி வைக்க மறக்காதீர்கள்.

அருள்செல்வி.

*

எலத்தகிரி
27.12.2024

அருள்செல்விக்கு,

சுகம். ராணி கன்று போட்டது. கிடாரி. இருபத்தெட்டு கிலோ. கறுப்பு.

ரசம் வைத்தேன். வடித்து ராணிக்கு வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வீடு அமைதியாக இருக்கிறது. இவ்வளவு அமைதி வேண்டியதில்லை.

டெல்சியைக் கேட்டதாகச் சொல்.

அருள்ஜோசப்.

*

அந்தோணியார் துணை
மூக்கண்டப்பள்ளி
19.1.2025

அன்புள்ள இவருக்கு அருள்செல்வி எழுதுவது. நான், டெல்சி, மாப்பிள்ளை, உங்கள் பேரன் நாலு பேரும் சுகம். பேரன் பிறந்ததை மாப்பிள்ளை அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார். நீங்கள் இரண்டு தடவை 'ம்' என்றீர்களாம். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டோம். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

சுகப்பிரசவம். பிறந்ததும் அழுதான். தராசில் வைத்தார்கள். இரண்டு கிலோ இருநூறு. நான் தராசு சரியில்லை என்றேன். வேறு தராசில் வைத்தார்கள். அதுவும் அதையே சொன்னது. பவளம் நர்ஸம்மா பார்க்க வந்திருந்தார். "இரும்பு ஏத்தாம விட்டிருந்தா இதுவும் இருந்திருக்காதும்மா. ரெண்டு மாசம் முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இன்னும் கூட வந்திருப்பான்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு செபமாலையை எடுத்தேன். பத்து மணி ஓடியதா, ஐம்பது மணி ஓடியதா என்று தெரியவில்லை.

சின்ன உடம்பில் சூடு நிற்காது என்று நெஞ்சோடு நெஞ்சு வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கங்காரு என்று அதற்குப் பெயராம். டெல்சி அசந்து தூங்கும்போது யார் கட்டிக்கொள்வது என்று கேட்டார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அதற்குள் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டார். வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். டெல்சியின் சேலையால் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கம்பெனியில் நெருப்புப் பொறி பட்ட தழும்புக் கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டு, மனுஷன் மணிக்கணக்கில் அசையவில்லை. இவருக்குத்தானே நான் அந்தச் சோகக் கடிதம் எழுதினேன். எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தேன். குடிக்காமல் என்னைப் பார்த்து, "உங்களுக்குங்க அத்தை?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. இதை யாரிடமும் சொல்லாதீர்கள், நம்பமாட்டார்கள்.

நிறம் கேட்பீர்கள். பிறந்தபோது சிவப்பு. காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். என் நிறம்தான். நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு கிலோ இருநூறு என்றால் நாற்பத்துநாலு பன்தான் வருகிறது. டெல்சி படுத்துக்கொண்டே கணக்குப் போட்டு, "அத்தை, உங்களுக்குப் பதினாறு பன் லாபம்" என்றாள். சொல்லிச் சிரித்தவள் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் சிரிக்கவில்லை. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "அளவு குறைச்சுக் குடுக்க நான் என்ன கடையா வெச்சிருக்கறேன்? மூணு கிலோன்னு சொல்லியாச்சு. இவன் மூணு ஆகட்டும், அப்புறம்தான் அந்தோணியாருக்கு" என்றேன். அதுவரைக்கும் அவர் காத்திருக்கட்டும். டெல்சிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் நம்மைக் காக்கவைத்தவர்தானே.

அதனால் நீங்கள் திம்மராயனிடம் போய் இப்போதைக்கு அடுப்புப் பற்றவைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வாரம் பிள்ளை எடை இறங்கியது. எல்லாப் பிள்ளைக்கும் இறங்கும் என்றார்கள், இருந்தும் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஏற ஆரம்பித்தான். இன்று காலையில் தராசில் வைத்தார்கள். நான் புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். பிறந்த எடைக்கு மேலே ஐம்பது கிராம்.

நாற்பத்தைந்தாவது பன் வந்துவிட்டதென்று திம்மராயனிடம் சொல்லிவிடுங்கள்.

அருள்செல்வி.